கமர்கட்டு கரையும் வரை

"நான் வாயைத் தொறந்தா தூங்கிடறாங்க," என்றார் பேராசிரியர் அறவாழி.

அடக்கமாகத்தான் சொன்னார். அவருடைய வெப்ப இயக்கவியல் வகுப்பில் மாணவர்கள் மட்டுமா தூங்கினார்கள்? மின்விசிறி கண்சொருகி நின்றுவிடும். ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறா மத்தியானம் வரை எழுந்திருக்காது. தூக்கம் வராத பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கடைசி பெஞ்சில் வந்து படுத்துவிட்டுப் போனார். நம்பாதவர்கள் புறாவைக் கேட்டுக்கொள்ளலாம்.

எதிரே இருந்தவர் ஜெசிந்தா. பேராசிரியர்களுக்கே பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கிற பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தின் தலைவி. ஒரு காலத்தில் அறவாழியின் வகுப்பில் விழித்திருந்து படித்தவர். விழித்திருந்து என்பது மரியாதைக்காகச் சொல்வது.

"திங்கட்கிழமை துறைத்தலைவர் என் கிளாஸ்ல வந்து உக்காரப் போறார், ஜெசிந்தா. ஒரே ஒரு குறட்டை கேட்டாலும் பாடத்தைப் பிடுங்கிட்டு, என்னை ஹாஸ்டல் சாப்பாட்டுக் கமிட்டியில போட்டுடுவாராம்."

"சாம்பாருக்கு உப்பு பாக்கற வேலைதானே சார்?"

"கிண்டல் பண்ணாதம்மா. அந்தப் பாடத்தை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

ஜெசிந்தா சிரிப்பை நிறுத்தினார்.

"பசங்களைக் கேள்வி கேக்கறீங்களா?"

"கேக்காமயா? பூட்டின ரூம்ல ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சா ரூம் குளிருமா, சூடாகுமா? வருஷா வருஷம் கேக்கறேன்."

"என்ன சொல்றாங்க?"

"ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். நானேதான் சொல்லித் தொலைக்கறேன்."

ஜெசிந்தா பிளாஸ்க்கை எடுத்தார்.

"டீ சாப்பிடறீங்களா சார்?"

அறவாழி வாயைத் திறந்தார்.

"சாப்பிடுவீங்க," என்று டம்ளரில் ஊற்றினார் ஜெசிந்தா. "சர்க்கரை போடலாமா? போடலாம்."

போட்டார்.

"சூடு சரியா இருக்கா? இருக்கு." ஒரு மிடறு தானே குடித்தார். "நல்லா இருக்கா? ரொம்ப நல்லா இருக்கு."

மீதியையும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னொண்ணு வேணுமா? வேண்டாம்."

அறவாழி டம்ளரைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார்.

"அது என் டீம்மா."

"ஆமா சார்."

கொஞ்ச நேரம் கழித்து அவருடைய காது மடல் சிவந்தது.

ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து நீட்டினார்.

"கேள்வியைக் கேளுங்க. இதை வாயில போடுங்க. கரையற வரைக்கும் பேசாதீங்க."

"பேச எங்க முடியும்? பல்லு ஒட்டிக்குமே."

"அதுக்குத்தான்."

"எனக்குச் சக்கரை வியாதிம்மா."

"அப்ப அந்த டீயை நான் குடிச்சது நல்லதாப் போச்சு. இது ஒண்ணு மட்டும், பரவாயில்ல."

அது லேசுப்பட்ட கமர்கட்டு இல்லை. அதை வாயில் போட்டுக்கொண்டு திருநெல்வேலியில் ரயில் ஏறியவர், மனைவி கேட்ட கேள்விக்கு எழும்பூரில் இறங்கித்தான் பதில் சொன்னார்.

திங்கட்கிழமை வந்தது. துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முன் வரிசையில் இரண்டு தலைகள் ஏற்கெனவே சாய ஆரம்பித்திருந்தன.

அறவாழி கேள்வியைக் கேட்டார். பழக்க தோஷம், பதில் உருண்டு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதன் தலையில் கமர்கட்டைப் போட்டு மூடினார்.

சத்தம் நின்றது. சாக்பீஸ் தூள் தரையில் விழுவது கேட்டது.

ஓடுகிற பஸ்ஸில் தூங்குகிறவர்கள் பஸ் நின்றால் விழித்துக்கொள்வார்களே, அப்படி ஒவ்வொருவராக விழித்தார்கள்.

"குளிரும் சார்," என்றது ஒரு குரல்.

தப்பு! திருத்தத் துள்ளினார் அறவாழி. ஒட்டிய பல் பிரியவில்லை.

"ம்ம்ம்," என்றார்.

அது சரியா, தப்பா? யாருக்கும் விளங்கவில்லை.

"எப்படிடா குளிரும்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் பின்னாடி தோசையே சுடலாம்," என்றாள் ஒருத்தி.

"முன்னாடி குளிரு, பின்னாடி சூடு. ரெண்டும் சரிக்குச் சரி. ஒண்ணும் ஆகாது."

"அப்ப மோட்டார் இழுக்கற கரண்ட்டு எங்க போகுதாம்? உங்க மாமா வீட்டுக்கா?"

"அப்ப ஏசி மட்டும் எப்படிக் குளிருது?"

"அதோட முதுகு வெளியில இருக்கு, அறிவாளி!"

தோசைக்காரி கரும்பலகைக்கு ஓடி வந்து அறவாழி கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கினாள். மின்விசிறி திடுக்கிட்டுச் சுற்றியது. புறா எழுந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துக் கேட்டது.

கடைசி பெஞ்சில் துறைத்தலைவர் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்க சார், நான் முடிச்சுக்கறேன்," என்றாள் அவள்.

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"சூடுதான் ஆகும்!" என்று வகுப்பே கத்தியபோது மணி அடித்தது. அறவாழியின் வாயில் இன்னும் புளியங்கொட்டை அளவு கமர்கட்டு பாக்கி இருந்தது.

சாயங்காலம் ஜெசிந்தாவின் அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"பாடம் பிழைச்சுதும்மா! துறைத்தலைவர் அடுத்த வாரமும் வரேங்கறார். அவருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்காம்."

"சந்தோஷம் சார்."

"ஆனா டாக்டர் திட்டறார். இனிமே கமர்கட்டைக் கண்ணால பாக்கக் கூடாதாம். அது இல்லாம இதை நான் எப்படிச் செய்யறது?"

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்தார். ஒரு கமர்கட்டை எடுத்தார். தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அறவாழி காத்திருந்தார்.

கமர்கட்டு ஜெசிந்தாவின் இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மெதுவாகப் போனது.

அறவாழி எழுந்தார். பிளாஸ்க்கை எடுத்தார். கவிழ்ந்திருந்த டம்ளரை நிமிர்த்தினார்.

"டீ சாப்பிடறியாம்மா?"

கேட்டுவிட்டு, பிளாஸ்க்கும் கையுமாக நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.