நடுங்காத கை

கோயம்புத்தூர் துப்பாக்கி கிளப்பில் ஜெபக்கனியோடு யாரும் பேசுவதில்லை. சாத்தான்குளத்திலிருந்து வந்தவள். சொந்தத் துப்பாக்கி வாங்க வசதியில்லாமல் கிளப்பின் காற்றுத் துப்பாக்கியில் பழகினாள். குண்டுகள் குறி அட்டையில் தாறுமாறாக விழுந்தன.

“துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல, உன் கைதான் நடுங்குது,” என்றார் பயிற்சியாளர் அரங்கநாயகம். “நாளைக்கும் இப்படியே சுட்டா ஊருக்கு பஸ் ஏறிடு.”

எல்லோரும் போனபின் அவள் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தாள், வேறு குண்டு போட்டாள். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்தும் சுட்டாள். அப்போதும் குண்டுகள் சிதறின. அதைச் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் பணிவாகக் கேட்டாள். “சார், நடுங்காத கை எப்படி இருக்கும்னு இதுல ஒரு தடவை சுட்டுக் காட்டுங்களேன்.”

அவர் பெருமையோடு வாங்கிச் சுட்டார். மறுபடியும் சுட்டார். ஒன்றுகூட நடுவில் விழவில்லை.

“இந்தத் துப்பாக்கியில எவன் சுட்டாலும் இப்படித்தான் போகும்!” என்று கத்தினார்.

“அப்போ நான் பஸ் ஏற வேண்டாமா, சார்?”

கூடமே சிரித்தது. துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தபோது குழலைப் பிடிக்கட்டையோடு இணைக்கும் திருகு தளர்ந்திருந்தது. ஜெபக்கனியே அதை முடுக்கினாள்.

சாயங்காலம் எல்லோரும் பயிற்சியாளரைத் தேற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தனியாக நின்று சுட்டாள். ஒவ்வொரு குண்டும் நட்டநடுவில் விழுந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.