தாவுப்பந்து ஆடவந்த காட்டுப்பன்றி

ஆறு ஒன்று நடுவே புகுந்து இரண்டாகப் பிரித்த ஒரு காட்டில், குழந்தைகளே, இரண்டு விதமான பந்தாட்டங்கள் இருந்தன. பந்து என்னவோ ஒன்றுதான். பிரம்பை முட்டை வடிவில் பின்னி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்த பந்து. ஆட்டம்தான் கரைக்குக் கரை வேறு.

கிழக்குக் கரையில் ஆடியது முட்டுப்பந்து. பந்தை வாயில் கவ்விக்கொண்டு நேராக ஓட வேண்டும். எதிரே வருபவரை முட்டித் தள்ள வேண்டும். எல்லைக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் வெற்றி.

மேற்குக் கரையில் ஆடியது தாவுப்பந்து. உயரே வரும் பந்தைத் தாவிப் பிடிக்க வேண்டும். காற்றிலேயே பிடித்துவிட்டால் பிறகு யாரும் உங்களைத் தொடக்கூடாது. நின்று நிதானமாக எதிரணியின் முனையில் இருக்கும் இரண்டு மருதமரங்களுக்கு நடுவே பந்தை உதைக்கலாம்.

முட்டுப்பந்தில் உரலன் என்ற காட்டுப்பன்றியை மிஞ்ச ஆளில்லை. அது பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தால், காட்டெருமைகள்கூட ஒதுங்கி வழிவிடும்.

தாவுப்பந்தில் நெடுவாலன் என்ற கருங்குரங்குக்கு இணையில்லை. மற்றவர்கள் தாவி இறங்கிய பிறகும் அது காற்றிலேயே நிற்பது போலத் தோன்றும். மேற்குக் கரைக் குட்டிகள் எல்லாம் அதைப் போலவே வாலை வளைத்துக்கொண்டு நடக்கும்.

ஒரு நாள் காலையில் மைனா ஒன்று மூச்சுவாங்கப் பறந்து வந்தது.

"செய்தி கேட்டீர்களா? உரலன் ஆற்றைக் கடந்துவிட்டது! இனிமேல் தாவுப்பந்துதான் ஆடுமாம்!"

காடே இரண்டு பட்டது. "பன்றியாவது, தாவுவதாவது!" என்றது முள்ளம்பன்றி. "அவ்வளவு வேகம் இருக்கிறதே, தாவக் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும்?" என்றது மேற்குக் கரை அணியில் ஆடும் கேளையாடு என்ற சின்ன மான். "கழுத்தை நிமிர்த்தவே வராதே, மேலே வரும் பந்தை எப்படிப் பார்க்கும்?" என்று கேட்டது முயல்.

மேற்குக் கரை அணியின் தலைவி ஒரு கடமான். எல்லோரும் அதை அக்கா என்றே அழைப்பார்கள். உடம்பெல்லாம் ஆற்றுநீர் சொட்ட, உரலன் அதன் முன்னே வந்து நின்றது.

"அங்கே உனக்கு என்ன குறை?" என்று கேட்டது கடமான்.

"குறை ஒன்றுமில்லை, அக்கா. ஏழு வருடமாகத் தரையைப் பார்த்தே ஓடிவிட்டேன். ஒரு தடவையாவது மேலே பார்த்து ஆட வேண்டும் என்று ஆசை."

கடமானுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. "சரி, வா" என்றது.

முதல் நாள் பயிற்சியைப் பார்க்க இரண்டு கரை விலங்குகளும் திரண்டு வந்தன. பந்து உயரே வந்தது. உரலன் ஓடியது, தாவியது, ஒரு சாண் உயரம் எழும்பியது, முகம் குப்புறச் சேற்றில் விழுந்தது. எழுந்து, மூக்கில் ஒட்டிய சேற்றை உதறிவிட்டு, "இன்னொரு தடவை!" என்றது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஏனோ அதே கூட்டம் கைதட்டத் தொடங்கியது. "உரலா! உரலா!" என்று குட்டிகள் கூவின.

அந்த நேரத்தில்தான் நெடுவாலன் மூன்று மான்களுக்கு மேலே தாவி, ஒற்றைக் கையால் ஒரு பந்தைப் பிடித்தது. அந்த வருடத்திலேயே மிக அருமையான பிடி அது. கீழே இறங்கிப் பெருமையோடு திரும்பிப் பார்த்தது.

ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் சேற்றில் நின்ற பன்றியின் மேல் இருந்தது.

நெடுவாலனுக்கு மனம் கசந்தது. 'பத்து வருடம் கிளை கிளையாக விழுந்து, எலும்பு நோகக் கற்றவன் நான். எனக்குக் கைதட்டல் இல்லை. ஒரு சாண் தாவத் தெரியாத இதற்கா?' என்று உள்ளுக்குள் பொருமியது. அன்று மாலை அதன் தங்கையின் குட்டி, பன்றியைப் போல உறுமிக்கொண்டே கிளையில் நடந்ததைப் பார்த்தபோது அந்தக் கசப்பு இன்னும் கூடியது.

மறுநாள் கடமான் நெடுவாலனைக் கூப்பிட்டது.

"எட்டு நாளில் மேட்டுக்காட்டு அணியோடு போட்டி. தோற்றால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நீதான் உரலனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்."

தோற்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கோடையில் ஆறு வற்றிவிடும். மலைமேல் இருக்கும் சுனையில் மட்டும்தான் தண்ணீர் இருக்கும். போட்டியில் வென்றவர்கள் காலையில் போய்க் குடிக்கலாம். தோற்றவர்கள் சிறுத்தை நடமாடும் அந்திவேளையில்தான் போக வேண்டும்.

"அதற்கென்ன அக்கா, தாராளமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றது நெடுவாலன். அதன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அண்ணா, உங்களிடம் கற்றுக்கொள்ள நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று உரலன் தலை தாழ்த்தியது.

"கவனமாகக் கேள், தம்பி" என்றது நெடுவாலன். "உனக்கு எதிரி உன் உடம்புதான். இன்றிலிருந்து கிழங்கு தோண்டித் தின்னாதே. இளந்தளிர் மட்டும் தின்றால் போதும். உடம்பு லேசாகும், தாவ வரும்."

"அப்படியே செய்கிறேன், அண்ணா."

"இன்னொன்று. இது முட்டுப்பந்து இல்லை. பந்து தரையில் விழுந்து, எல்லோரும் அதன்மேல் குவிந்து கிடந்தால் நீ பக்கத்திலேயே போகக் கூடாது. எங்கள் ஆட்டத்தில் அது விதிக்கு மாறானது. உன்னால் அணிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது, பார்."

அப்படி ஒரு விதியே கிடையாது. தரையில் விழுந்த பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் புதிதாக வந்த உரலனுக்கு அது எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு நம்பியது.

உதைப்பதை மட்டும் நெடுவாலன் சரியாகச் சொல்லிக்கொடுத்தது. தன் உதையைக் காட்டுவதில் அதற்கு அவ்வளவு ஆசை. உரலன் வாய் பிளந்து பார்க்கும்போது கொஞ்ச நேரம் பொறாமைகூட மறந்துபோகும்.

நாட்கள் போயின. தளிர் தின்ற பன்றிக்கு விலா தெரிந்தது. ஒரு சாண் தாவியது ஒன்றரைச் சாண் ஆகவில்லை. முக்கால் சாண் ஆனது. அது விழும்போதெல்லாம் நெடுவாலன் மரத்தின் மேலிருந்து விரல் மடக்கி எண்ணியது. 'இன்று பதினேழு தடவை விழுந்தது. நேற்று பதினான்குதான்.'

"நீ இன்று தாவிப் பார்க்கவில்லையா?" என்று கடமான் கேட்டது.

"இதைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கிறது, அக்கா" என்றது நெடுவாலன். பொய்யில்லை. எட்டு நாளும் அது ஒரு பந்தைக்கூடத் தாவிப் பிடிக்கவில்லை.

ஆனால் விழ விழக் கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. "உரலா, இன்னொரு தடவை!" என்ற கூச்சல் கேட்கும்போதெல்லாம் நெடுவாலனுக்கு வயிறு எரிந்தது. தின்ற பழம் செரிக்கவில்லை. படுத்தால் உறக்கம் வரவில்லை.

போட்டி நாள் வந்தது.

மேட்டுக்காட்டு அணியில் எல்லாம் வரையாடுகள். பாறைக்குப் பாறை தாவிப் பழகிய கால்கள். மருதமரத்தின் உச்சியில் இருவாச்சிப் பறவை நடுவராக உட்கார்ந்து குரல் கொடுத்ததும் ஆட்டம் தொடங்கியது.

உரலன் வெளியே உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஒரே கூட்டம். முதல் பந்து உயர்ந்து நெடுவாலனை நோக்கி வந்தபோது, அந்தக் கூட்டத்தில் ஏதோ சிரிப்பு எழுந்தது. 'எதற்குச் சிரிக்கிறார்கள்? அது என்ன செய்கிறது?' நெடுவாலன் ஓரக்கண்ணால் பார்த்தது. பந்து விரலில் பட்டு நழுவி, வரையாடுகளிடம் போனது. மேட்டுக்காட்டுக்கு ஒரு புள்ளி.

இரண்டாவது பந்துக்குச் சரியாகத்தான் தாவியது. எட்டு நாள் சும்மா இருந்த கை, இறுகப் பிடிக்கவில்லை. மேட்டுக்காட்டுக்கு இரண்டு புள்ளி.

"நெடுவாலா, உனக்கு என்ன ஆயிற்று?" என்று கத்தியது கடமான். பிறகு வெளியே திரும்பி, "உரலா, உள்ளே வா!" என்றது.

உரலன் இறங்கியதும் காடு அதிர்ந்தது. அது தாவியது, விழுந்தது. மறுபடி தாவியது, விழுந்தது. வரையாடுகள் சிரித்தன. அப்போது பந்து ஒரு வேரில் பட்டுத் தரையில் உருண்டது. ஆறேழு பேர் அதன்மேல் விழுந்து குவிந்தார்கள். இரண்டடி தள்ளி நின்ற உரலன் கால் துடிக்கத் துடிக்க அசையாமல் நின்றது.

"ஏன் நிற்கிறாய்? எடு பந்தை!" என்று கத்தியது கடமான்.

"அது விதிக்கு மாறானது இல்லையா, அக்கா?"

"யார் சொன்னது?"

"நெடுவாலன் அண்ணன்தான்" என்றது உரலன். அதன் குரலில் குற்றம் சாட்டும் எண்ணமே இல்லை.

கடமான் நெடுவாலனைத் திரும்பிப் பார்த்தது. நெடுவாலன் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தது.

"அப்படி ஒரு விதி இல்லை, உரலா. போ!" என்றது கடமான்.

உரலன் போனது. எட்டு நாள் பட்டினி கிடந்த உடம்புதான். ஆனாலும் அந்தக் குவியலுக்குள் தலையை நுழைத்து, தோளால் நெம்பி, பந்தோடு மறுபக்கம் வெளியே வந்தது. கேளையாட்டை நோக்கி உதைத்தது. கேளையாடு பிடித்து மரங்களுக்கு நடுவே அடித்தது. ஒரு புள்ளி. சற்று நேரத்தில் பந்து மறுபடி தரைக்கு வந்தது, மறுபடி உரலன், மறுபடி கேளையாடு. இரண்டு புள்ளி. ஆட்டம் சமமானது.

சூரியன் மலைமுகட்டைத் தொட இன்னும் கொஞ்சமே இருந்தது. அது தொட்டால் ஆட்டம் முடிந்தது. கடைசிக் குவியலிலிருந்து பந்தைப் பிடுங்கிய உரலன் நிமிர்ந்து பார்த்தது. கேளையாட்டைச் சுற்றி நான்கு வரையாடுகள். மருதமரங்களுக்கு எதிரே, தனியாக, நெடுவாலன்.

உரலன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நெடுவாலன் சொல்லிக்கொடுத்தபடியே உதைத்தது. பந்து அழகாக உயர்ந்து நெடுவாலனை நோக்கி வந்தது.

நெடுவாலன் தாவியது. பழைய தாவல்! காற்றிலேயே நிற்பது போல உயர்ந்தது. கைகள் நீண்டன. அப்போது காடு முழுவதும் ஒரே குரலில் ஒரு பெயரைச் சொல்லி முழங்கியது.

'உரலனைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் பிடித்தாலும் பெயர் அதற்குத்தான்!' என்று நெடுவாலன் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியது.

பந்து அதன் காதை உரசிக்கொண்டு போனது.

கீழே நின்ற வரையாடு ஒன்று பந்தைக் கவ்வி, எதிர் முனைக்கு உதைத்தது. அங்கே இன்னொன்று பிடித்துப் புள்ளி போட்டது. சூரியன் முகட்டைத் தொட்டது. இருவாச்சி குரல் கொடுத்தது. ஆட்டம் முடிந்தது.

மைதானம் காலியாகும்வரை நெடுவாலன் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. தங்கையின் குட்டி மட்டும் அருகில் வந்தது.

"மாமா, அவ்வளவு பேரும் கத்தினோமே, உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டது. உரலா, உரலா என்று."

"இல்லை மாமா. நெடுவாலா, பிடி! நெடுவாலா, பிடி! என்றுதான் கத்தினோம். உரலன்கூட அதைத்தான் கத்தியது."

நெடுவாலன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டது.

அந்தக் கோடையில் மேற்குக் கரைக் குட்டிகள் நாக்கு வறளப் பகலெல்லாம் காத்திருந்து, அந்திவேளையில் நடுங்கிக்கொண்டே சுனைக்குப் போயின. கிழங்கு தின்று பழைய உடம்பு தேறிய உரலன், அவற்றுக்கு முன்னால் நடந்தது. முதல் நாள் வழியில் நெடுவாலன் அதன் எதிரே வந்து நின்றது.

"தளிர் மட்டும் தின்னச் சொன்னதும் பொய்தான், உரலா."

"தளிரால் தாவ வராது என்று எனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, அண்ணா" என்றது உரலன். "ஆனாலும் நீங்கள் சொன்னதைக் கேட்காவிட்டால், அந்த உதையை வேறு யாரிடம் கற்றுக்கொள்வது?"

நெடுவாலன் சுனையோரம் இருந்த உயரமான மரத்தில் ஏறி உச்சிக்கிளையில் உட்கார்ந்தது. சிறுத்தையின் நிழல் தெரிந்தால் குரல் கொடுக்க, கோடை முடியும்வரை ஒவ்வோர் அந்தியிலும் அங்கே உட்கார்ந்தது. கீழே குட்டிகள் தண்ணீர் குடித்தன. மேலே பார்த்துக் கைதட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை.

நீதி: பிறருக்குக் கிடைக்கும் புகழையே எண்ணிக்கொண்டிருப்பவர், தமக்கு வரும் புகழைக் கைநழுவ விடுவார்.