கடந்தைக் கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி

கால மடக்கிப் படுட்டி. இப்படி உதைச்சா அத்தை கதை சொல்லமாட்டேன். கேக்கியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு தேரி இருந்துச்சு. தேரின்னா செம்மண்ணுக் காடு. எங்க பாத்தாலும் செக்கச்செவேல்னு மணலு. காத்தடிச்சா நேத்து இருந்த மேடு இன்னைக்கு இருக்காது. அதுக்கு நடுவுல பொன்னுலிங்கம்னு ஒருத்தன் கிணறு வெட்டி, மாதுளை, முருங்கை, செம்பருத்தின்னு ஒரு தோட்டம் போட்டுட்டான். ஊரே வாயப் பொளந்து பாத்துச்சு.

அப்போ அந்தப் பூவத் தேடி ஒரு தேன்சிட்டு வந்துச்சு. எம்புட்டு இருக்கும்? உன் கட்டைவிரல் தண்டிதான். விர்ர்ர்னு றெக்கைய அடிச்சிக்கிட்டு, அந்தரத்துல நின்னே தேன் குடிக்கும்.

அது முருங்கையில கூடு கட்டி முட்டை விட்டுச்சு. சரசரன்னு ஓணான் ஏறி முட்டைய முழுங்கிருச்சு. அப்புறம் மாதுளையில கட்டுச்சு. காக்கா வந்து டொக்கு டொக்குன்னு கொத்திக் குடிச்சிருச்சு. சிட்டு ராவெல்லாம் கத்திக் கிடந்துச்சு, பாவம்.

அப்புறம் விடிஞ்சதும் எங்க போச்சு தெரியுமா? கிணத்தடியில ஒரு கொல்லாமரம், அதான் முந்திரி. அதுல பானை தண்டிக்கு ஒரு கடந்தைக் கூடு. குளவியிலயே பெரிசு கடந்தை. ஒண்ணு கொட்டினா காய்ச்சல் வரும், கூட்டமா கொட்டினா ஆளையே சாச்சிரும். அதுக வாசல்ல போயி நின்னுச்சு இந்தச் சிட்டு.

ங்ஙொய்ய்ய்னு வந்து சுத்திக்கிடுச்சு எல்லாம்.

"எதுக்கு வந்த?"ன்னு கேட்டுச்சு கிழட்டுக் கடந்தை.

"ஒரு முழம் தள்ளி நானும் கூடு கட்டிக்கிடட்டா?"

"எங்க கொடுக்குக்குப் பயமில்லையா?"

"பயந்தான். ரெண்டு தடவ முட்டைய பறிகொடுத்துட்டேன். அத விடவா உங்க கொடுக்கு வலிக்கப்போவுது?"

கிழட்டுக் கடந்தை கொடுக்க உள்ள இழுத்துக்கிடுச்சு. எனக்கு இதச் சொல்லும்போதெல்லாம் மேலு புல்லரிக்கு. அப்புறம் மெதுவாச் சொல்லுச்சு, "கிளை ஆடினா எங்களுக்கு ஆகாது. ஆட்டாம கட்டுவன்னா கட்டிக்க."

சிட்டும் எட்டுக்கால் பூச்சி நூலா கொண்டுவந்து, அந்தரத்துல நின்னே பின்னுச்சு. ஒரு இலை அசையல. முட்டை விட்டு, ரெண்டு குஞ்சும் பொரிச்சிருச்சு. ஓணான் ஒருநாள் வந்தான். ங்ஙொய்ய்ய்! விழுந்தடிச்சு ஓடினவன்தான், அந்தப் பக்கமே வரல. தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

கேளு. பொன்னுலிங்கம் பொண்டாட்டி தங்கபுஷ்பம் மாசமா இருந்தா. அவ தண்ணி கோருத கிணத்துக்கு மேலயே கடந்தை இருந்தா அவனுக்கு உறக்கம் வருமா? ஆனா வயித்துப்பிள்ளைக்காரி இருக்குத வீட்ல எந்தக் கூட்டையும் கலைக்கப்பிடாது, அது நம்ம பக்கத்து வழக்கம். பல்லைக் கடிச்சிக்கிட்டு பொறுத்திருந்தான்.

அப்புறம் ஒரு விடியக்காலம் பிள்ளை பிறந்துச்சு. இனி தடையில்லன்னு காஞ்ச ஓலையக் கட்டித் தீய வச்சான். கருப்பட்டிச் சாக்கால உடம்பப் போத்திக்கிட்டு, பந்தத்த ஓங்கினான்.

விர்ர்ர்ர்! சிட்டு வந்து தீக்கு முன்னால நின்னுச்சு. றெக்கை கருகுத தூரம். அம்புட்டு பெரிய ஆளு முன்னால, இம்புட்டு உசுரு. கடந்தையெல்லாம் வாசலுக்கு வந்துச்சு, ஒண்ணும் பறக்கல. சிட்டு நிக்குத நிலைய அதுகளும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அவன் பந்தத்தப் பின்னால இழுத்தான்.

அப்போ உள்ள படுத்திருந்த தங்கபுஷ்பம், "வெளிய என்ன கீச்சுகீச்சுன்னு கேக்கு?"ன்னா.

"குருவிக் குஞ்சு. கடந்தைக்குப் பக்கத்துலயே இருக்கு."

"என் வயித்துல இருந்ததுக்குப் பொறுத்திய. அது வயித்துல இருந்தது வெளிய வந்துட்டுன்னா தீ வைக்கலாமா?"

அவன் பந்தத்த மணல்ல குத்தி அணைச்சான். அப்புறம் அன்னைக்கே கிணத்துக்கு அந்தப் பக்கமா சுத்தி வழி போட்டு, தண்ணி இறைக்குத கப்பியையும் அங்கன மாத்திக் கட்டினான்.

சாயங்காலம் ஊர்க்காரிக பிள்ளை பாக்க வந்தாளுவ. "என்ன பிள்ளை பொன்னுலிங்கம்?"னு கேட்டாளுவ.

"மூணு பிள்ளை"ன்னான். "ஒண்ணு தொட்டில்ல, ரெண்டு கொல்லாமரத்துல."

"அத்தை... கடந்தைப் பிள்ளைக?"

அதுகள எண்ணுத தைரியம் எவனுக்குட்டி இருக்கு? கதையும் கூடடைஞ்சாச்சு, நீயும் கண்ண மூடு.