வாசல் தெளிக்கிற சத்தம்

உக்காருங்கம்மா, உக்காருங்க. பேச்ச நிறுத்துங்க. அங்க யாரு, அதுக்குள்ள சுருண்டு படுத்துக்கினு? நான் இன்னும் கதையே ஆரம்பிக்கல, உனக்குத் தூக்கமா? வாய மூடுங்க. என் ஒரு வாயி போதும் இந்த ஹோமுக்கு.

லூர்து அக்கா இருக்காங்களே, ரோட்டுல கெடந்த நம்மளையெல்லாம் கூட்டியாந்து வச்சிருக்கிற இந்த ஹோமப் பாத்துக்கறவங்க, அவங்களும் ஒரு காலத்துல ராயபுரம் பிளாட்பாரத்துல படுத்தவங்கதான். அவங்ககிட்ட வேலை கத்துக்க ஒரு டீச்சர் வந்தாங்க. புஷ்பவல்லி டீச்சர். ரிட்டயர்டு. அக்காவ விட வயசுல பெரியவங்க, ஆனா சிஷ்யை. "சைலன்ஸ்!"னு ஒரு குரல் வுட்டாங்கன்னா செவுத்துல பல்லிகூட கையக் கட்டிக்கினு நிக்கும்.

வந்த மொத நாளு காலைல பாத்தாங்க. "என்ன இது, வாசல் இப்படி காஞ்சு கெடக்கு?" புடவைய சொருகிக்கினு பக்கெட்ட எடுத்தாங்க. சளார்!

உள்ள படுத்திருந்தா பூங்காவனம். ஹோமுக்குப் புதுசு. பேசவே மாட்டா. ஒரு துணி மூட்டைய எப்பவும் இடுப்புலயே வச்சிருப்பா. தண்ணி சத்தம் கேட்டுச்சோ இல்லியோ, மூட்டையோட எந்திரிச்சா, கேட்டத் தாண்டி நேரா ரோட்டுக்கு ஓடினா. லாரிக்காரன் பிரேக் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. அக்காதான் ஓடிப் போயி இழுத்துக்கினு வந்தாங்க.

மறுநாளும் சளார். மறுநாளும் ஓட்டம். அந்தத் தடவ ஒரு முழம் தள்ளித்தான் வண்டி நின்னுச்சு.

டீச்சர் பக்கெட்டக் கீழ வச்சாங்க. "லூர்து, சோறு இருக்கு, கட்டில் இருக்கு, கதவு இருக்கு. ஏன் ஓடுறா? என்னைக்காவது அடிபட்டு சாகப் போறா. பேசாம மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா?"

"நாளைக்குக் காலைல கேட்டுக்கு வெளிய படுங்க டீச்சர்."

"யாரு? நானா?"

"ஒரு சாக்கு தரேன்."

படுத்தாங்க. அவங்க படுத்த அழகப் பாக்கணுமே, புடவை மடிப்பு கலையாம, பரீட்சை எழுதப் போற மாதிரி. அக்கா பக்கெட்ட என் கைல குடுத்தாங்க. எனக்குக் கேக்கணுமா! பிளாட்பாரத்துல படுத்தவங்கள வெரட்டுற கடைக்காரன் குரல அப்படியே எடுத்தேன்.

"ஏய்! எந்திரி! கடை தொறக்கணும்! ஊரு ஜனமெல்லாம் என் வாசல்லதான் படுக்கணுமா? சனியனே!"

சளார்!

டீச்சர் துள்ளி எந்திரிச்சு, சாக்க வுட்டுட்டு, ஒரே ஓட்டமா உள்ள வந்துட்டாங்க. தலையெல்லாம் சொட்டுது. நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. பூங்காவனம் மட்டும் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கினு பாத்துக்கினே இருந்தா. ஓடாம இருக்க அவ கையப் புடிச்சிருந்தாங்க அக்கா.

அப்புறம் அக்கா துண்ட எடுத்துக்கினு டீச்சர்கிட்ட வந்தாங்க.

"தண்ணி ஊத்துனதும் எங்க போனீங்க?"

"எங்க போவேன்? உள்ளதான் வந்தேன்."

அக்கா தலையத் துவட்டி வுட்டாங்க. அவங்க காதுல மட்டும் வுழற மாதிரி சொன்னாங்க. "பிளாட்பாரத்துல அவ மேல தண்ணி ஊத்துனப்ப, அவளால ரோட்டுக்குத்தான் போவ முடிஞ்சுது. அன்னிக்கு இடுப்புல இருந்தது மூட்டை இல்ல, கொழந்த."

பக்கத்துல இருந்த எனக்கும் கேட்டுச்சு. சிரிச்ச வாய மூட முடியாம நின்னேன்.

டீச்சர் ஈரப் புடவையோட போயி பூங்காவனம் பக்கத்துல தரைல உக்காந்தாங்க. அந்த சைலன்ஸ் குரலு எங்க போச்சுன்னே தெரியல.

"இனிமே யாரும் வாசல் தெளிக்க மாட்டாங்கம்மா. நீ பயப்படாத. இது உன் வீடு."

பூங்காவனம் மூட்டைய இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கினா. ஹோமுக்கு வந்ததுலேந்து மொத மொதலா வாயத் தொறந்தா.

"வாசல் தெளிக்காம, அது இன்னா வீடு?"