வெட்டுப்பட்ட யவனக் காசு

யவனரின் கப்பல்கள் மிளகு தேடி நம் கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்துக் கதை இது, கேளுங்கள். அன்றைய வெள்ளிக் காசைக் கல்லில் போட்டால் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அந்தக் காசை யவன நாட்டுத் தாத்தா அரசன் நல்ல வெள்ளியில் அடித்தான். மகன் கொஞ்சம் செம்பு கலந்தான். பேரனோ செம்பிலேயே அடித்து, மேலே வெள்ளி பூசிவிட்டான். நல்ல குடும்பம், போங்கள்.

துறைமுகத்து வணிகர்கள் விவரமானவர்கள். வருகிற காசையெல்லாம் உளியால் வெட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். மிளகு விளைவித்துக் கொடுக்கும் மலைக்காரர்கள் மட்டும் வெட்டமாட்டார்கள். காசில் ஒரு முகம் இருக்கிறதே. முகம் சிதையாத காசைப் பிள்ளையின் கழுத்தில் காவலாகக் கட்டுவது அவர்கள் வழக்கம். மிளகு வணிகன் சேந்தன் கொடுத்தால் நல்ல வெள்ளிதான் என்று அப்படியே வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு வருடம், நெடுநாள் பழகிய யவன மாலுமியின் காசை வெட்டிப் பார்க்கச் சேந்தனுக்குக் கூச்சமாகிவிட்டது. வெட்டாமலே வாங்கிவிட்டான். மலைக்காரர்கள் நம்பிக் கொடுத்திருந்த மிளகை ஏற்றிக்கொண்டு கப்பல் போய்விட்டது. பிறகு பார்த்தால், மடியில் முடிந்திருந்த ஒரு காசு வியர்வையில் வெள்ளி உரிந்து சிவந்திருந்தது. மற்றக் காசுகள் இன்னும் வெளியே வெள்ளியாகத்தான் மின்னின.

மறுநாளே மிளகுக்கான வெள்ளியை வாங்க மலையிலிருந்து கொற்றி என்பவள் இறங்கி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

சேந்தனின் மைத்துனன் காரி அவன் காதைக் கடித்தான். "மச்சான், அவங்க என்ன வெட்டிப் பார்க்கப்போறாங்களா? பேசாம இதையே கொடுத்துடுங்க."

சேந்தன் காசைப் பார்த்தான். காரியைப் பார்த்தான். குழந்தையின் வெறுங்கழுத்தைப் பார்த்தான். பிறகு உளியை எடுத்து, கொற்றியின் கண்ணெதிரே ஒரு காசை வெட்டிக் காட்டினான். உள்ளே செம்பு.

"நான் ஏமாந்துட்டேன் தாயி. நீங்களும் ஏமாற வேண்டாம்," என்றான். தாத்தா அரசன் காலத்திலிருந்து வீட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்த நல்ல வெள்ளியை எல்லாம் கொண்டுவந்து அவள் முன் கொட்டினான். பானை காலியாகிவிட்டது.

கொற்றி வெள்ளியை முடிந்துகொண்டாள். புறப்படும்போது குனிந்து, அந்த வெட்டுப்பட்ட செம்புக் காசையும் எடுத்துக் குழந்தையின் கழுத்தில் கட்டினாள். முகம் சிதைந்த செல்லாக்காசு எதற்கு என்று காரி சிரித்தான்.

"எம் புள்ளைக்கு இதுதான் காவல்," என்றாள் கொற்றி.

அதன்பின் அந்த மலையின் மிளகு சேந்தன் வாசலைத் தவிர வேறு வாசலுக்குப் போகவில்லை. பின்னாளில் யவனக் கப்பல்கள் நின்றுபோயின; வேறு நாட்டு வணிகர்கள் மிளகுக்கு வந்தார்கள். அந்த வெள்ளியின் ஓசையும் போயிற்று. சேந்தன் வீட்டுப் பானை மட்டும் மெல்ல மெல்ல மறுபடி நிறைந்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நம்மைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களிடம்தான் நாம் எல்லாரையும்விட நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்.