மஞ்சணத்தி தட்டிய தாளம்

அடர்ந்த காட்டுக்குள் ஒரு சுனை இருந்தது. சுனைக்கரையில் பெரிய நாவல் மரம். அந்த மரத்தில் ஒரு மைனாக் குடும்பம் வாழ்ந்தது. அப்பா பொன்மூக்கன், அம்மா ஆம்பல், மகள்கள் கொன்றையும் குமிழியும். ஐந்தாவதாகப் பொன்மூக்கனின் அக்கா மஞ்சணத்தி.

தினமும் வெயில் சாய்ந்ததும் ஐந்து பேரும் ஒரே கிளையில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டு தொடங்கும்.

அடடா, அந்தப் பாட்டை என்னவென்று சொல்வது! பொன்மூக்கன் அடிக்குரலில் எடுப்பான். ஆம்பல் அதன்மேல் சீழ்க்கையாக ஏறுவாள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்து, மகள்கள் இருவரும் பின்னிப் பின்னிப் போவார்கள். தண்ணீருக்கு முட்டி மோதும் காட்டுப்பன்றிகூட அந்த நேரத்தில் தன் முறைக்குக் காத்து நிற்கும். ஆமை கழுத்தை வெளியே நீட்டினால், பாட்டு முடியும்வரை உள்ளே இழுக்காது!

மஞ்சணத்தி மட்டும் பாடமாட்டாள். ஒரு பனிக்காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியது. அதற்குப் பிறகு பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. அதனால் அவள் கிளையில் அலகால் தட்டுவாள். டொக்... டொக்... அவ்வளவுதான்.

ஒருநாள் பாட்டு முடிந்ததும் ஒரு புள்ளிமான் மரத்தடிக்கு வந்தது.

"பொன்மூக்கா, உன் குரல் மேகம் உறுமுவது போல இருக்கிறது! ஆம்பல், உன் குரல் புல்லாங்குழலேதான்! பெண்களே, நீங்கள் இருவரும் தேன்!" என்றது. பிறகு தலையைச் சாய்த்து, "மஞ்சணத்தி, நீ எதற்கு நடுநடுவே மரங்கொத்தி மாதிரி கொத்திக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டது.

மகள்கள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மான் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் மஞ்சணத்திக்குச் சுருக்கென்றது. அன்று அவள் ஒரு பழமும் தின்னவில்லை.

புதருக்குள் படுத்திருந்த நரி சுருட்டுவாலன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து மைனாக்கள் சேர்ந்திருக்கும்போது கிட்டே போனால் கண்ணைக் கொத்திவிடும் என்று அதற்குத் தெரியும். ஒன்று பிரிந்து வந்தால்?

மறுநாள் மஞ்சணத்தி தனியாகப் புல்வெளியில் பூச்சி தேடிக்கொண்டிருந்தாள். நரி தூரத்திலேயே நின்று கும்பிட்டது.

"அம்மணி, நேற்று நடந்ததைப் பார்த்தேன். என் நெஞ்சே கொதித்துப்போயிற்று! ஒரேயொரு நாள் நீங்கள் இல்லாமல் அவர்கள் பாடட்டுமே. அப்போது தெரியும் உங்கள் அருமை!"

"நான் தட்டாவிட்டால் யாருக்கு என்ன?" என்றாள் மஞ்சணத்தி.

"எனக்கு உங்கள் தாளம்தான் பிடிக்கும், அம்மணி! இன்று மாலை கள்ளிமேட்டுக்கு வாருங்கள். எனக்காகத் தட்டுங்கள்."

நரியை நம்பலாமா என்று அவள் மனம் ஒருமுறை கேட்டது. ஆனால் வலி அதற்குப் பதில் சொல்ல விடவில்லை.

வெயில் சாய்ந்தது. மஞ்சணத்தி கள்ளிமேட்டுக்குப் பறந்துபோய், உயரமான கள்ளியின் மேல் உட்கார்ந்தாள். தட்டிப் பார்த்தாள். கள்ளியிலிருந்து சத்தமே வரவில்லை.

"ஐயோ, அது சதசதவென்று இருக்கும்! கீழே பாறை இருக்கிறது பாருங்கள். அதில் தட்டினால் கணீரென்று கேட்கும்!" என்றது நரி.

அவள் பாறையில் இறங்கினாள். நரி மெல்ல மெல்ல அவள் முதுகுப்பக்கம் நகர்ந்தது.

அதே நேரத்தில் நாவல் மரத்தில் பாட்டு தொடங்கியது. மஞ்சணத்தி காதைத் தீட்டிக்கொண்டாள். பொன்மூக்கன் எடுத்தான். ஆம்பல் ஒரு மூச்சு முந்தி ஏறினாள். கொன்றை ஓடினாள். குமிழி எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. சுனைக்கரையில் பன்றி உறுமும் சத்தம்கூடக் கேட்டது.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. 'நன்றாகப் படட்டும்!' என்று நினைத்தாள். ஆனால் குமிழியின் குரல் நடுங்கியதும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"இங்கே மூச்சு விட வேண்டும், கண்ணு! இங்கே!" என்று முணுமுணுத்தாள். தன்னையறியாமல் அவள் அலகு பாறையில் இறங்கியது.

டொக்!

"இப்போது வேண்டாம்! சத்தம் போடாதே!" என்று நரி சீறியது.

தாளம் கேட்கத்தானே அழைத்தது? மஞ்சணத்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பாட்டின் அடுத்த அடி வந்துகொண்டிருந்தது. அவள் மறுபடியும் ஓங்கித் தட்டினாள். டொக்! டொக்!

நாவல் மரத்தில் பாட்டு சட்டென்று நின்றது.

"அது என் அக்காவின் தாளம்! கள்ளிமேட்டிலிருந்து ஏன் வருகிறது? அங்கேதானே நரி இருக்கிறது!" என்று பொன்மூக்கன் கத்தினான்.

நரி பாய்ந்தது. மஞ்சணத்தி துள்ளி எழுந்தாள். அவளுடைய வால் இறகுகள் இரண்டு நரியின் வாயோடு போயின. சமன் தவறிப் புல்லில் உருண்டாள். நரி மறுபடியும் பாய்வதற்குள் நான்கு மைனாக்கள் வில்லிலிருந்து விட்ட அம்புகள் போல வந்து விழுந்தன! மூக்கில் ஒரு கொத்து! காதில் ஒரு கொத்து! கண்ணைக் காப்பாற்றிக்கொண்டால் போதுமென்று, நரி கள்ளிச்செடிக்குள் புகுந்து, முள்ளோடு முள்ளாக ஓடிப்போனது.

"அத்தை! நீங்கள் இல்லாமல் எனக்கு மூச்சு விடவே தெரியவில்லை!" என்று குமிழி அழுதாள்.

"நேற்று நாங்கள் சிரித்தது தப்பு, அத்தை," என்றாள் கொன்றை.

"கோபத்தை உங்களிடம் சொல்லாமல் நரியிடம் கொண்டுபோனேனே, அதுவும் தப்புதான்," என்றாள் மஞ்சணத்தி.

ஐந்து பேரும் கிளைக்குத் திரும்பினார்கள். வாலில் இறகு குறைந்ததால் மஞ்சணத்தி முன்னும் பின்னும் ஆடினாள். தம்பி ஒரு பக்கமும் ஆம்பல் ஒரு பக்கமும் அவளை அணைத்து உட்கார்ந்தார்கள். இந்த முறை பொன்மூக்கன் எடுக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.

அவள் தட்டினாள். நான்கு குரல்களும் ஒன்றாக எழுந்தன. அந்தச் சுனைக்கரை அதுவரை அப்படியொரு பாட்டைக் கேட்டதில்லை!

கூடிச் செய்யும் காரியத்தில் சிறிய பங்கு என்று எதுவுமே இல்லை.