நீலம் இறங்காத பல்லுங்க

பேச்சிமுத்தோட பல்லை ரிஸ்வான் ரெண்டா அறுத்தான். ஃபில்லிங் அப்படியே இருந்துச்சு. விரிசல் இல்ல, ஒரு மூலை கூட உடையல. ஆனா அதுக்கு அடியில பூரா நீலம்.

ஃபில்லிங் ஒழுகுதான்னு பார்க்க, பிடுங்கினபடியே ஒரு நாள் முழுக்க நீலச் சாயத்துல ஊறப்போட்ட பல்லு அது. ஓரத்துல எங்கயோ நுழைஞ்ச சாயம் சுவரோட சுவரா இறங்கி, குழியோட அடி வரைக்கும் போயிருந்துச்சு. சாயம் போன வழியிலதான் நாலு மாசமா எச்சிலும் போயிருக்கும்.

பேச்சிமுத்து பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரைக் கத்திக் கத்தி ஆள் ஏத்துறவரு. நாலு மாசம் முன்னாடி அந்தக் கடைவாய்ப் பல்லை அடைச்சது ரிஸ்வான்தான். பல் டாக்டர் மேல்படிப்புல கடைசி வருஷம். புது ஃபில்லிங் மருந்து ஒண்ணு, அதுலதான் அவன் ஆராய்ச்சியே. இப்போ பேச்சிமுத்துக்கு சீழ் தாடையில இருந்து கழுத்துக்கு இறங்கிடுச்சு. மூச்சு விட தொண்டையில ஓட்டை போட்டு குழாய் வச்சிருக்காங்க. பிழைப்பாரான்னு யாரும் சொல்லல.

ஐ.சி.யூ. வாசல்ல அவர் சம்சாரம் ரிஸ்வானைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"அடைச்சுத்தானே தம்பி விட்டீங்க?"

அவன் அறுத்த பல்லை எடுத்துக்கிட்டு மரகதம் மேடம்கிட்ட வந்தான். அவங்கதான் அவன் ஆராய்ச்சிக்கு கைடு.

"லேப்ல ஒரு பல்லுல கூட சாயம் இறங்கல மேடம். அதே மருந்து, அதே கை. வாயில மட்டும் எப்படி ஒழுகும்?"

மேடம் எழுந்தாங்க. பிடுங்கின பல்லுங்க கிடக்குற டப்பாவைத் திறந்து, ஒண்ணை எடுத்து நீட்டினாங்க.

"அடை."

"இப்பவா மேடம்?"

"சாயத்துல போடுற வரைக்கும் எல்லாத்தையும் செய். எப்பவும் எப்படிச் செய்வியோ அப்படி."

குழி எடுத்தான். மருந்தை வச்சான். அது இறுக லைட் காட்டினான். தேய்ச்சுப் பளபளப்பாக்கினான். நல்ல கை அவனுக்கு.

அப்புறம் நெயில் பாலிஷை எடுத்தான். சாயம் வேற வழியில உள்ள போயிடக் கூடாதுன்னு பல்லு மேல பூசுறது அது. ஃபில்லிங்கையும், அதைச் சுத்தி ஒரு நூல் இடத்தையும் மட்டும் பூசாம விட்டுடணும்; ஒழுகுதான்னு சோதிக்க வேண்டிய இடமே அதுதான்.

"கூடப் படிக்கிற எஸ்தர் கிண்டல் பண்ணுவா மேடம். உன் பல்லுங்களைப் பொண்ணு பார்க்க வர்றாங்களாடான்னு."

மேடம் பிரஷ்ஷையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அது ஓரம் வரைக்கும் வந்துச்சு. பல்லும் ஃபில்லிங்கும் சேர்ற கோட்டைத் தாண்டி, கொஞ்சமா ஃபில்லிங் மேலயும் ஏறுச்சு. சுத்தி வந்து ரெண்டாவது தடவையும் பூசினான்.

"கோடு தெரியலயேப்பா."

"கொஞ்சம் மேல ஏத்தித்தான் மேடம் பூசுவேன். அப்பதான் நீட்டா இருக்கும்."

"எல்லாப் பல்லுக்கும் இப்படித்தானா?"

"ஆமா மேடம், எல்லாப் பல்லு..."

பிரஷ் அப்படியே நின்னுச்சு.

"நீங்களும் பார்த்தீங்களே மேடம்."

"அறுத்து வச்சதைப் பார்த்தேன். பூசுறப்போ வந்து பார்க்கல."

அவன் பிரஷ்ஷைக் கீழ வச்சான்.

"வேற யாருக்கெல்லாம் இந்த மருந்தை வச்ச?"

"நிறைய பேருக்கு மேடம். எஸ்தரோட அம்மாவுக்குக் கூட."

"எல்லாரையும் வரச் சொல்லு. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கணும். நானும் நிக்கிறேன்."

வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான்.

"பேச்சிமுத்து சம்சாரம் இன்னும் ஐ.சி.யூ. வாசல்லயேதான் உட்கார்ந்திருக்காங்க மேடம். மறுபடி கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

மேடம் நெயில் பாலிஷை மூடி அவன் கையில வச்சாங்க.

"இதைக் காட்டு. லேப்ல எல்லாப் பல்லுக்கும் பூசினோம், உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பூசாம அனுப்பிட்டோம்னு சொல்லு."